யாரையும் நம்பாத வில்லியம்

தான் வேலைபார்க்கும் பத்து காவான் ஊர்த் தொழிற்சாலையில் இரண்டு நாள் கணினிப் பாதுகாப்புப் பயிற்சி முடித்து வந்த வில்லியம், சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை. வாசலில் நின்றபடியே அறிவித்தார்.

"மோனி, இனிமே இந்த வீட்டுல யாரையும் நம்பப் போறதில்ல!"

மனைவி மோனிக்கா சாப்பாட்டு மேசையில் தையல் இயந்திரத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"இருபத்திரண்டு வருசமா நம்பிக்கிட்டு இருந்தீங்களா? சொல்லவே இல்லையே."

"நீ வேற. இது ஒரு கொள்கை. ஜீரோ டிரஸ்ட். உள்ள இருக்கிறவன், வெளிய இருக்கிறவன்னு பேதமே கிடையாது. எல்லாரையும் சந்தேகப்படணும். எல்லாத்தையும் சரிபார்க்கணும். உலகமே இப்ப இப்படித்தான் போய்க்கிட்டு இருக்கு."

"எங்கம்மா அப்பவே அப்படித்தான் இருந்தாங்க. யாரும் சர்டிபிகேட் கொடுக்கல."

வில்லியத்துக்குக் கொடுத்திருந்தார்கள். சர்டிபிகேட்டோடு, கழுத்தில் மாட்டிக்கொள்ள ஒரு அட்டையும். 'பிரிவுப் பாதுகாப்புப் பிரதிநிதி.' ஐம்பதை நெருங்கும் மனிதனுக்குப் புதிதாக ஒரு பட்டம் கிடைப்பது சாதாரண விஷயமா? அந்த அட்டையோடுதான் அவர் குளிக்கிறார் என்று மோனிக்கா ஊரெல்லாம் சொன்னாள். அது கொஞ்சம் மிகை. துண்டோடு சேர்த்துக் கொடியில் போட்டுவைத்திருந்தார், அவ்வளவுதான்.

ஒரே வாரத்தில் ஜெலுத்தோங்கில் இருந்த அந்தச் சின்ன மாடிவீடு கோட்டையாகிவிட்டது. பதினான்கு கடவுச்சொற்கள் மாறின. ஒவ்வொன்றும் சரக்கு ரயில் நீளம். வாசல் மணியில் இருந்த கேமராக் கண்ணுக்குப் பிளாஸ்டர் ஒட்டினார். அதன் வழியாக அந்நியர்கள் வீட்டைப் பார்த்துவிடலாமாம். ஒட்டிய பிறகு, வந்து நிற்கும் அந்நியர்களை வீட்டார் பார்க்க முடியவில்லை. அது சிறு குறை.

பெரிய கனவு வேறு. மகள் ஜோவான் கோலாலம்பூரில் வேலை கிடைத்துப் போனதிலிருந்து அவளுடைய அறை காலியாகக் கிடந்தது. அதில் மூன்று பழைய கம்ப்யூட்டர்களை வைத்து ஓர் ஆராய்ச்சிக்கூடம் தொடங்க வேண்டும். ஒன்று தாக்கும், ஒன்று தடுக்கும், மூன்றாவது வேடிக்கை பார்க்கும். நடுவில் சுழல் நாற்காலியில் வில்லியம்.

மோனிக்காவுக்கும் அந்த அறை வேண்டும். லிட்டில் இந்தியாவில் ஒரு ஜவுளிக்கடை மாதாமாதம் ரவிக்கை தைக்கக் கொடுக்கத் தயாராக இருந்தது. கோயில் பெண்கள் ஏழு பேர் தையல் கற்றுக்கொள்ளக் காத்திருந்தார்கள். ஆனால் சாப்பாட்டு மேசையில் எத்தனை நாள் தைப்பது? போன மாதம் ரசத்தில் ஒரு குண்டூசி வந்தது. வில்லியம் அதைக் கடுகு என்று நினைத்துக் கடித்துவிட்டார்.

மூன்று வாரமாகப் பேச்சுவார்த்தை. முடிவில்லை. கடைசியில் சாம்பல் புதனன்று, கோயிலில் பூசிவந்த சாம்பல் நெற்றியில் இருக்கும்போதே, மோனிக்கா வழி சொன்னாள்.

"தவக்காலம் தொடங்கிருச்சு. நீங்க நாப்பது நாளு கறி தொடக்கூடாது. நான் சீரியல் பார்க்கக்கூடாது. ஈஸ்டர் வரைக்கும் யாரு ஒறுத்தலைக் காப்பாத்துறாங்களோ அவங்களுக்கு ரூம்பு."

"ரெண்டு பேரும் காப்பாத்திட்டா?"

"ஜோவான் தீர்ப்புச் சொல்லட்டும். அது அவ ரூம்புதானே."

வில்லியத்துக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. மோனிக்காவாவது, சீரியலை விடுவதாவது! ஆறரை மணிக்கு வீடு இடிந்தாலும் விளம்பர இடைவேளையில்தான் எழுந்திருப்பாள். அறை கைக்கு வந்த மாதிரிதான்.

"சரி. ஆனா ஒண்ணு. நான் சரிபார்ப்பேன். ரவுட்டர்ல எல்லாம் தெரியும்."

"நான் என்ன பார்க்கிறேன்னு எட்டிப் பார்ப்பீங்களா? வெக்கமா இல்ல?"

"சேச்சே, அது உன் தனியுரிமை! உள்ளடக்கத்தை நான் தொடவே மாட்டேன். எந்த நேரம், எவ்வளவு நேரம், எவ்வளவு அளவு, அவ்வளவுதான். கடிதத்தைப் பிரிக்கிறது வேற, உறையைப் பார்க்கிறது வேற."

"உறையை மட்டும் பார்த்து என்ன தெரியும்?"

அங்கேதான் வில்லியம் உற்சாகத்தில் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார்.

"எல்லாம் தெரியும்! இப்ப ஆராய்ச்சி பண்ணியிருக்கான் லா. எதையும் திறக்காம, டேட்டா ஏறுறதையும் இறங்குறதையும் வெச்சே, என்ன படம் ஓடுதுன்னு கண்டுபிடிக்கிறான்! பூட்டை உடைக்கவே வேணாம். பூட்டைச் சுத்தி என்ன நடக்குதுன்னு பார்த்தா போதும்."

"ஓ," என்றாள் மோனிக்கா. நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "நான் உங்களை எப்படிச் சரிபார்க்கிறது?"

"நீ எப்படிப் பார்ப்பே? உனக்கு டெக்னிக்கல் தெரியாதே. என் மனசாட்சியை நம்பு."

"சரிங்க. அது போதும்."

வில்லியத்தின் ஒறுத்தல் இரண்டு நாள் ஓடியது.

மூன்றாம் நாள் வெள்ளிக்கிழமை. தொழுகைக்காகத் தொழிற்சாலையில் நீண்ட இடைவேளை, இரண்டே முக்கால் வரை. மற்றவர்கள் பள்ளிவாசலுக்கோ வங்கிக்கோ போவார்கள். வில்லியம் சும்மா நடந்தார். கால்கள்தாம் அவரை முஸ்தஃபாவின் நாசி கண்டார் சோற்றுக்கடைக்கு இட்டுச்சென்றன. தொழுகை முடிந்து வந்து இரண்டு மணிக்குத்தான் கடையைத் திறந்திருந்தார் முஸ்தஃபா. அண்டாக்களின் மூடிகள் ஒவ்வொன்றாக எழுந்தன. அந்த வாசனைக்கு எந்தக் கடவுச்சொல்லும் தேவைப்படவில்லை.

"வாங்கண்ணே! கோழியா, ஆடா?"

"ஒண்ணும் வேணாம் முஸ்தஃபா. தவக்காலம். சோறும் வெண்டைக்காயும் வை."

"குழம்பு?"

வில்லியம் யோசித்தார். ஆழமாக யோசித்தார். கறி தொடக்கூடாது என்றுதானே ஒப்பந்தம்? குழம்பு கறியா? குழம்பில் கறி இருந்தது, உண்மைதான். ஆனால் இருந்ததும் இருப்பதும் ஒன்றாகிவிடுமா? கறி என்பது உள்ளடக்கம். குழம்பு வெறும் உறை.

"குழம்பு ஊத்து."

"எந்தக் குழம்பு?"

"எல்லாம்."

"கோழி, ஆடு, மாடு, எல்லாமா?"

"துண்டு விழாம ஊத்து!"

முஸ்தஃபா ஓர் அறுவை மருத்துவரின் கவனத்தோடு கரண்டியைச் சாய்த்து ஊற்றினார். சோறு மூழ்கியது. வெண்டைக்காய் மிதந்தது. முதல் கவளத்தில் வில்லியத்தின் கண்கள் தாமாக மூடிக்கொண்டன.

மனசாட்சி லேசாகக் குறுகுறுத்தது. குறுகுறுப்பு எழும்போது மனிதன் அடுத்தவரின் குற்றத்தைத்தான் தேடுவான். வில்லியம் போனை எடுத்தார். டேட்டா தீர்ந்திருந்தது. சுவரில் கடையின் இலவச வைஃபைக்கான கடவுச்சொல் ஒட்டியிருந்தது. இணைத்தார். வீட்டு ரவுட்டருக்குள் நுழைந்தார். டேட்டா ஓட்டத்தைக் காட்டும் கோடு தரையோடு தரையாகக் கிடந்தது. மோனிக்கா ஒழுக்கமாக இருக்கிறாள். அவருக்கு ஏமாற்றமாகிவிட்டது.

அடுத்த வெள்ளி, அதே மேசை, அதே குழம்பு. இரண்டு மணி இருபது நிமிடம். போனைப் பார்த்தவர் கவளத்தைத் தட்டிலேயே விட்டார். கோடு ஏறியது! மலை மாதிரி ஏறியது! சீரியல் தளம், தொலைக்காட்சிப் பெட்டி, முழு வேகம்!

"மாட்டிக்கிட்டா!" என்று கத்தினார். முழங்கை குழம்பில் இருந்தது.

"யாருண்ணே?" என்றார் முஸ்தஃபா.

"என் பொண்டாட்டி!"

முஸ்தஃபா பதறிப்போய் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

அதற்குப் பிறகு வில்லியத்துக்கு வெள்ளிக்கிழமை எப்போது வரும் என்றாகிவிட்டது. மற்ற நாள்களில் தொழிற்சாலையில் இருக்கும் அவசரத்தில் பார்க்க நேரமில்லை. மாலையில் அவர் வீட்டில் இருக்கும்போது அவள் டிவிப் பக்கமே திரும்புவதில்லை. வெள்ளி இரண்டு மணிக்குத்தான் திருட்டுத்தனம். அவர் தட்டில் குழம்பு இறங்க இறங்க, போனில் கோடு ஏறும். படம் பிடித்துச் சேர்த்துவைத்தார். கோட்டின் வடிவத்தைப் பார்த்தே, இங்கே மருமகள் அழுகிறாள், இங்கே மாமியார் சிரிக்கிறாள் என்று குறிப்பெழுதுமளவுக்குத் தேறிவிட்டார். குழம்புக்கு மொத்தம் ஐந்து வெள்ளி, கோடு ஏறியது நான்கு. ஆறாவது வெள்ளிக்குள் முஸ்லிம்களின் நோன்பு மாதம் பிறந்துவிட்டது. முஸ்தஃபா பகலில் கடையை மூடிவிட்டதால் வில்லியமும் வேறு வழியின்றிப் புண்ணியவானானார். பெரிய வெள்ளிக்கு விடுப்பெடுத்து, பச்சைத் தண்ணீரில் உபவாசம் இருந்தார். அந்த ஒரு நாளைத்தான் அவர் தைரியமாக நினைவில் வைத்துக்கொண்டார்.

ஈஸ்டருக்கு முந்தைய சனிக்கிழமை மத்தியானம். வில்லியம் கழுத்தில் அட்டையை மாட்டிக்கொண்டார். நான்கு வெள்ளிகளின் படங்களையும் வண்ணத்தில் அச்செடுத்துத் தையல் இயந்திரத்தின் மேல் விரித்தார்.

"இது என்னாங்க, பங்குச் சந்தையா?"

"உன் ஒறுத்தல்! இந்தா, மார்ச்சு பதினொண்ணு. இது பதினெட்டு. இங்க பாரு, நாப்பது நிமிசம்! மருமக அழற எபிசோடு!"

மோனிக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"ஆமா. டிவி ஓடிச்சு."

வில்லியம் சுழல் நாற்காலியில் உட்கார்ந்தேவிட்டார், மனதுக்குள்.

"ஒத்துக்கிட்டியா!"

"டிவி ஓடுனதை ஒத்துக்கிட்டேன். நான் பார்த்தேன்னு யாரு சொன்னா? வெள்ளிக்கிழமை ஒரு மணியிலேர்ந்து நான் கோயில்ல. சிலுவைப் பாதைக்கு வர்றவங்களுக்கு எறநூறு பேருக்குக் கஞ்சி. வேணும்னா ஃபாதரைக் கேளுங்க. கஞ்சிக் குழுவுல பதினொரு பேரு, அவங்களையும் கேளுங்க."

"அப்ப... ஆளில்லாத வீட்டுல டிவியை எதுக்குப் போட்டுட்டுப் போனே?"

"நீங்க பார்க்கத்தான்."

வில்லியத்துக்குப் புரியவில்லை. மோனிக்கா தன் போனை எடுத்து, அச்செடுத்த காகிதங்களின் மேலேயே வைத்தாள்.

"வீட்டுக்கு இன்டர்நெட் லைன் போட ஆளு வந்த அன்னிக்கு நீங்க வேலைக்குப் போயிட்டீங்க. என் ஈமெயிலைத்தான் வாங்கி எழுதுனான். நீங்க பதினாலு பாஸ்வேர்டை மாத்துனீங்க. அதை மாத்தல. வெளியிலேர்ந்து யாராவது ரவுட்டர்ல நுழைஞ்சா எனக்கு ஒரு மெயில் வருது. படிங்க."

வில்லியம் படித்தார். ஐந்து மெயில்கள். ஐந்தும் வெள்ளிக்கிழமை.

*உங்கள் ரவுட்டரில் ஒருவர் நுழைந்துள்ளார். கருவி: வில்லியம் போன். நேரம்: பிற்பகல் 2.19. இணைப்பு: முஸ்தஃபா நாசி கண்டார் வைஃபை. இது நீங்கள் இல்லையென்றால் உடனே நடவடிக்கை எடுக்கவும்.*

"மொத வெள்ளியே வந்துருச்சு," என்றாள் மோனிக்கா. "ஏதோ ஒரு தடவை போயிருப்பாருன்னு பார்த்தேன். சரி, டிவியைப் போட்டு வெச்சா திரும்பத் திரும்பப் பார்ப்பீங்கன்னு தோணுச்சு. எங்கேர்ந்து பார்க்கிறீங்கன்னு எனக்கும் திரும்பத் திரும்பத் தெரியும்ல?"

வில்லியம் அவ்வளவு சுலபமாக விழுகிற ஆள் இல்லை. பிரிவுப் பாதுகாப்புப் பிரதிநிதி.

"கடைக்குப் போனேன், இல்லேங்கல. தேத்தண்ணி குடிக்கப் போனேன். அங்க உட்கார்ந்தா கறி சாப்பிட்டதா அர்த்தமா? ஆதாரம் இருக்கா? இது வெறும் உறை!"

"அப்ப ஒண்ணும் சாப்பிடலியா?"

"இல்லவே இல்ல!"

"இன்னிக்கு ராத்திரி பாஸ்கா பூசை. அதுக்கு முன்னால பாவசங்கீர்த்தனம் பண்ணணும். ஃபாதர்கிட்டயும் இதையே சொல்லுவீங்களா?"

அவள் குரலை உயர்த்தவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். அந்த அமைதிதான் வில்லியத்தை உடைத்தது.

"துண்டு எடுக்கல மோனி! சத்தியமா ஒரு துண்டுகூட எடுக்கல! குழம்பு மட்டுந்தான்! கோழி, ஆடு, மாடு, எல்லாத்துலயும் கொஞ்சம் கொஞ்சம்! முஸ்தஃபாவைக் கேளு, வடிகட்டித்தான் ஊத்துனான்!"

மோனிக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டாள்.

"எனக்கு வைஃபை பேரு மட்டுந்தாங்க தெரியும்," என்றாள். "குழம்பு விசயம் இப்பத்தான் நீங்க சொன்னீங்க."

அன்று இரவு அவர் பாவசங்கீர்த்தனத்துக்கு நின்ற வரிசை நீளமாக இருந்தது. உள்ளே போனவர் அதிக நேரம் எடுத்துக்கொண்டார். வெளியே வரும்போது, ஃபாதர் சிரித்தது போலச் சத்தம் கேட்டதாகப் பின்னால் நின்றவர்கள் பேசிக்கொண்டார்கள்.

ஈஸ்டர் ஞாயிறன்று வில்லியமே தையல் இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு போய் ஜோவானின் அறையில் வைத்தார். ஏழு பெண்களுக்கு ஏழு நாற்காலி போட்டார். தையல் வகுப்புக்கு வீடியோ பார்க்க அங்கேயும் வைஃபை வேண்டும் என்றாள் மோனிக்கா. ஏணி போட்டு ஏறி, கம்பி இழுத்து, அதையும் செய்துகொடுத்தார். கணக்கு அவள் பெயரில் இருந்ததால் மற்ற வேலைகளை அவளே போனில் பார்த்துக்கொண்டாள். அதில் என்னென்ன செய்தாள் என்று எட்டிப் பார்க்க அவருக்குத் துணிச்சல் வரவில்லை.

திங்கட்கிழமை மாலை வேலையிலிருந்து வந்து, சப்பாத்தைக் கழற்றி, சோபாவில் சாய்ந்து போனைத் திறந்தார் வில்லியம். வீட்டு வைஃபையில் அவருக்கும் இடம் கொடுத்திருந்தாள்: விருந்தாளிகள் பட்டியலில், தினம் இரண்டு மணி நேரம்.