ஆறு அடக்கியாரின் சொம்பு

“கட்டின ஆத்தை அவிழ்த்துக் காட்டுங்க!”

மண்டபமே திரும்பிப் பார்த்தது. எதை வேண்டுமானாலும் கேள், இதை மட்டும் வாய் தவறியும் கேட்டுவிடாதே என்று நகராட்சி பம்ப் ஆபரேட்டர் தன் மகளிடம் வீட்டில் சொன்னார், பஸ்ஸில் சொன்னார், வாசலில் செருப்பைக் கழற்றும்போதும் சொன்னார். குடும்பத்திலேயே முதலில் பட்டம் வாங்கியவள். கேட்டுவிட்டாள்.

அன்று நகராட்சியில் கருத்துக்கேட்புக் கூட்டம். வெள்ளக் கரையை எப்படிப் பலப்படுத்தலாம் என்று மக்களைக் கேட்கிறார்களாம். போன மழையில், கரை தாழ்ந்திருக்கும் வளைவில் வழிந்த வெள்ளம் அவள் வீட்டு ஜன்னல்வரை ஏறியது. அண்ணன் குழந்தையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு விடியும்வரை நின்றவள் அவள்தான். வளைவை உயர்த்துங்கள் என்று சொல்லத்தான் வந்திருந்தாள். ஆனால் மைக் மக்கள் பக்கம் வரவே இல்லை. அது ஆறு அடக்கியார் என்ற சாமியாரிடம் இருந்தது.

அடேயப்பா, என்ன கூட்டம்! வெள்ளம் வழிந்தபோது மண் மூட்டை தூக்க ஆள் இல்லை. இவர் காலைத் தொட ஆளை ஆள் மிதித்தார்கள். ஐயா ஆற்றுத் தண்ணீரைப் பித்தளைச் சொம்பில் ஊற்றுவார். கண்ணை மூடி முணுமுணுப்பார். சொம்பைத் தலைகீழாகக் கவிழ்ப்பார். ஒரு சொட்டு விழாது! ஆறு கட்டுப்பட்டுவிட்டதாம். இனி கரைக்கு ஒரு கூடை மண்கூட வேண்டாமாம். நன்றிக்கடனாக ஐயாவுக்கு ஓர் ஆசிரமம் போதுமாம். அதுவும் மேட்டில். ஆற்றையே அடக்கியவருக்கு மேடு எதற்கு என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஒரே நிபந்தனை: கட்டை அவிழ்க்கச் சொல்லக் கூடாது. சொன்னால் ஆறு பொங்கி ஊரை விழுங்கிவிடும்.

“கரை வேலையை நிறுத்தலாம்னு சொல்றவங்க கையைத் தூக்குங்க” என்றார் நகராட்சித் தலைவர். கைகள் மளமளவென்று எழுந்தன. அப்போதுதான் அவள் எழுந்தாள்.

“அடி பாவி, பிள்ளைகுட்டிக்காரங்க உட்கார்ந்திருக்கோம்டி!” முன்வரிசை அத்தை அலறினாள்.

“முழு ஆறும் வேணாம் அத்தை. அந்த ஒரு சொம்பு போதும். பொங்கினா உங்க புடவைதான் நனையும்.”

“விளையாடாதே பெண்ணே, அழிவு வரும்” என்றார் ஆறு அடக்கியார். சொம்பை மடிக்குள் இழுத்துக்கொண்டார்.

“ஆறே பயப்படுற ஆளு, நான் கேட்டதுக்கு ஏன் சொம்பை ஒளிக்கிறீங்க?”

தலைவர் பம்ப் ஆபரேட்டரைப் பார்த்தார். “யோவ், பொண்ணுக்கு இங்க வேலை போட்டுக் குடுங்கன்னு என் வாசல்ல நின்னியே, ஞாபகம் இருக்கா? உட்காரச் சொல்லு.”

“உன் கால்ல விழறேன்மா, உட்காரு.” அப்பா கையெடுத்துக் கும்பிட்டார்.

அவள் நேரே மேடைக்கு ஏறினாள். சொம்பைப் பிடுங்கினாள். கவிழ்த்து, அடியில் ஓங்கித் தட்டினாள்.

தொப்!

தலைவரின் மேசைமேல் கொழகொழவென்று ஒரு வெள்ளைக் கட்டி விழுந்து ஆடியது. ஊர் மூழ்கவில்லை. ஆறு தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

இடுப்பில் குழந்தையோடு அண்ணி வந்தாள். கட்டியை விரலால் குத்திப் பார்த்தாள்.

“அட, இது எங்க வீட்டுல தினம் பார்க்கிறது! டயப்பர் கிழிஞ்சா உள்ளேயிருந்து பிதுங்குமே, அதேதான்.”

பையிலிருந்து புது டயப்பரை எடுத்துக் கிழித்தாள். உதிர்ந்த தூளை ஒரு டம்ளரில் போட்டுத் தண்ணீர் ஊற்றினாள். கொஞ்சம் பொறுத்துக் கவிழ்த்தாள். மந்திரம் இல்லை, முணுமுணுப்பு இல்லை. ஒரு சொட்டும் விழவில்லை.

“அப்போ எங்க பாப்பா ராத்திரி பூரா ஆறு அடக்கிட்டுத்தான் தூங்குறா!”

மண்டபம் குலுங்கிச் சிரித்தது. சிரித்து முடித்துப் பார்த்தால் ஐயாவைக் காணோம். வெள்ளத்தைவிட வேகமாகப் பின்வாசலில் வடிந்துவிட்டார்.

முன்வரிசை அத்தை யோசனையாகக் கேட்டாள்: “அந்தத் தூளையே லாரி லாரியா ஆத்துல கொட்டினா என்ன?”

அதற்கும் நாலு கை எழுந்தது.

தலைவர் வியர்வையைத் துடைத்தார். “சரிம்மா, ஆனது ஆச்சு. கூட்டத்தைக் கெடுத்ததுக்கு ஒரு மன்னிப்பு சொல்லிட்டு, நாளைக்கு வந்து வேலையில சேரு.”

“வேலை வேணாங்க. வளைவை உயர்த்துங்க. நீங்க உயர்த்துற வரைக்கும் எங்க தெரு மண்ணு சுமக்கும். நான் இப்போ அங்கதான் போறேன்.”

அது அப்போது எடுத்த முடிவல்ல. வாய் திறக்கும் முன்பே எடுத்தது. அப்பாவின் கையை ஒருமுறை அழுத்திப் பிடித்துவிட்டு வாசலுக்கு வந்தாள். செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பினாள்.

“அடுத்த தடவை கையைத் தூக்கறதுக்கு முன்னாடி தலையை ஒரு வார்த்தை கேளுங்க. அதுவும் உங்களோடதுதான்.”

திரும்பிப் பார்க்காமல் கரையை நோக்கி நடந்தாள்.