தங்கச்சி குளிக்கிறா

கடிதம் சுசிலாவின் பெயருக்கு வந்திருந்தது. அதுதான் சிக்கல். சுசிலா இறந்து எழுபத்தொரு நாட்கள் ஆகியிருந்தன.

ஆனந்தராஜா அதைக் குசினி மேசையில் வைத்து மூன்று தரம் வாசித்தார். கீழ் வீட்டு முகட்டில் தண்ணீர் கசிகிறதாம். குளியலறையைப் பார்வையிட வியாழக்கிழமை பதினொரு மணிக்கு வருகிறாராம். கையொப்பம்: கல்யாணசுந்தரம், வீட்டுச் சொந்தக்காரர், ஸ்ட்ரெதம்.

இந்தக் கல்யாணசுந்தரத்தை ஆனந்தராஜா சந்தித்ததே இல்லை. மனைவி சுசிலா அவருக்கு ஒரு வருடம் முன்பே ஜேர்மனியிலிருந்து வந்து, பிளேஸ்டோவில் இந்த மேல்மாடியைத் தனியாகத் தேடிப் பிடித்தவள். அக்ரிமென்டில் அவளுடைய பெயர் மட்டும்தான்; கடிதங்களும் அந்தப் பெயருக்கே வரும். வீட்டுக்காரருடன் கதைப்பது, கடிதம் எழுதுவது, சண்டை பிடிப்பது எல்லாம் அவள். அவர் பாண் சுடும் தொழிற்சாலைக்குப் போவார், வருவார், பேசாமல் இருப்பார்.

அவள் இல்லையென்று தெரிந்தால் வீடு போய்விடும் என்று அவர் நம்பினார். யாரிடமாவது கேட்டுப் பார்த்திருக்கலாம். கேட்பதும் அவளுடைய வேலையாகவே இருந்தது. செத்தவீட்டன்று சவப்பெட்டி தூக்க ஆள் போதாமல், யாரோ ஒருவர் வந்து முன்னால் தோள் கொடுத்தார். அந்த மனிதர் யாரென்றுகூட அவர் கேட்கவில்லை. குனிந்த தலையோடு பின்னால் நடந்தவருக்கு, ஒரு சோடிச் சப்பாத்தின் தேய்ந்த குதிகள் மட்டும் நினைவில் இருந்தன.

வீடு போனால் இன்னொரு வீடு பார்க்கலாம். ஆனால் குளியலறைக் கண்ணாடியில் அவள் ஒட்டி வைத்த பொட்டுகள் ஐந்து இருந்தன. அவற்றை எந்தப் பெட்டியில் வைத்து எடுத்துப் போவதென்று அவருக்குத் தெரியவில்லை.

சுசிலாவின் கடிதக் கோப்பைத் திறந்தார். வாடகைக்கு இருப்பவர்களின் உரிமைகள் பற்றிய துண்டுப்பிரசுரம் ஒன்று மேலே இருந்தது. இருபத்துநான்கு மணித்தியாலத்துக்கு முன் எழுத்தில் அறிவிக்க வேண்டும். பொருத்தமான நேரமாக இருக்க வேண்டும். குடியிருப்பவர் மறுத்தால் உள்ளே வர முடியாது. கடைசி வரிக்கு அவள் இரண்டு தரம் சிவப்புக் கோடு போட்டிருந்தாள்.

அதன் கீழே, மூன்று வருடத்துக்கு முன் அவள் வீட்டுக்காரருக்கு எழுதிய கடிதத்தின் பிரதி. ஆனந்தராஜா அதையே எழுத்துக்கு எழுத்து பார்த்து எழுதினார்.

‘எனக்குக் காய்ச்சல். வேறு நாள் வரவும். என்னுடைய மனுசனோடு கதைக்க வேண்டாம். அவருக்குக் கதைக்கத் தெரியாது.’

கடைசி வரியில் கை கொஞ்சம் நின்றது. ஆனால் அதை விட்டால் அது அவளுடைய கடிதம் மாதிரி இராது. எழுதி, அவளுடைய கையொப்பத்தையும் போட்டார்.

மூன்றாம் நாள் கதவுப் பிடியில் ஒரு பை தொங்கியது. கொத்தமல்லி, மிளகு, வேர்க்கொம்பு. கூடவே ஒரு சீட்டு: ‘தங்கச்சிக்கு. அவித்துக் குடிக்கவும். அடுத்த கிழமை வரலாமோ?’

வீணாக்க மனம் வராமல் ஆனந்தராஜா அதை நான்கு நாள் அவித்துக் குடித்தார். பிறகு சுசிலாவின் எழுத்தில், கிழமை நாட்களில் தனக்கு ஷிப்ட் என்று எழுதினார். அப்படியென்றால் ஞாயிறு பதினொரு மணிக்கு வருகிறேன் என்று பதில் வந்தது.

சொல்வதற்குக் காரணம் தீர்ந்துபோயிற்று.

பெண்பிள்ளை குளித்துக்கொண்டிருக்கும் குளியலறையை யாரும் பார்வையிட முடியாது. ஞாயிறு காலை அவர் ஷவரைத் திறந்துவிட்டார். கதவைச் சாத்தி, வெளிப்பக்கப் பிளவில் ஒரு நாணயத்தைச் செருகி உள்தாழ்ப்பாளைத் திருப்பினார். வாசலில் அவளுடைய செருப்புகளைச் சோடியாக வைத்தார்.

கல்யாணசுந்தரம் சரியாகப் பதினொரு மணிக்கு வந்தார். அறுபது வயதிருக்கும். சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்.

"தங்கச்சி இல்லையோ, தம்பி?"

"குளிக்கிறா."

அவர் கதவைப் பார்த்தார். செருப்புகளைப் பார்த்தார்.

"காய்ச்சல் மாறீட்டுதோ?"

"ஓம் அண்ணை. நீங்கள் தந்த கொத்தமல்லியிலதான்."

"நல்லது. அப்ப நான் இருந்து பாத்துக்கொண்டு போறன்."

இதை ஆனந்தராஜா எதிர்பார்க்கவில்லை. தேத்தண்ணி போட்டார். இரண்டு கோப்பை வைத்தார். விருந்தாளி கோப்பைகளைப் பார்ப்பது தெரிந்ததும் மூன்றாவதையும் எடுத்து வைத்தார்.

இருபது நிமிடம் போனது.

"கனநேரம் குளிப்பாவோ?"

"தலை முழுகிறா."

"ஞாயிற்றுக்கிழமையிலயோ?"

"அவ இஞ்ச வந்தாப் பிறகு நாள் பாக்கிறேல்லை."

"அதுவும் சரிதான். சமையல் ஆர்?"

"அவதான்."

கல்யாணசுந்தரம் குசினிக்குள் எட்டிப் பார்த்தார். அடுப்பில் ஒன்றும் இல்லை. மேசையில் வெறும் பாண் இருந்தது. அவர் குளியலறை வாசலுக்குப் போனார். செருப்புகளை மிதிக்காமல் தள்ளி நின்று, கதவைப் பார்த்துச் சொன்னார்:

"தங்கச்சி, அவசரமில்லை. நீங்கள் ஆறுதலாக் குளியுங்கோ."

உள்ளே தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது.

அப்போது படிகளில் தடதடவென்று சத்தம் கேட்டது. கீழ் வீட்டுப் பிலோமினம்மா, பூசைக்குப் போக உடுத்த சேலையோடு, கையில் வாளியோடு வந்து நின்றாள்.

"தம்பி, என்ர கட்டிலுக்கு மேல மழை பெய்யுது. ஆரப்பா குளிக்கிறது?"

சுசிலாவின் செத்தவீட்டில் முன்வரிசையில் இருந்து அழுதவள் அவள். ஆனந்தராஜா வீட்டுக்காரரின் முதுகுக்குப் பின்னால் நின்று கையெடுத்துக் கும்பிட்டார்.

"சுசிலா," என்றார்.

பிலோமினம்மா வாயைத் திறந்தாள்.

"தங்கச்சி தலை முழுகிறா, அம்மா," என்றார் கல்யாணசுந்தரம் திரும்பாமலே. "இப்ப வந்திடுவா. கொஞ்ச நேரம் வாளியை வைச்சுச் சமாளியுங்கோ."

அவள் வாயை மூடிக்கொண்டாள். இரண்டு ஆண்களையும் மாறி மாறிப் பார்த்தாள்.

கல்யாணசுந்தரம் தேத்தண்ணியைக் குடித்து முடித்தார்.

"குழாய் வேலைக்காரனைச் செவ்வாய் அனுப்பிறன். முதலே எழுதித்தான் அனுப்புவன், இல்லாட்டித் தங்கச்சி ஏசுவா." வாசலில் குனிந்து சப்பாத்தைப் போட்டார். "அடுத்த அக்ரிமென்டை உங்கட பேரில எழுதுவம், தம்பி. ஒவ்வொருக்காலும் அவவை ஏன் கரைச்சல் படுத்துவான். வேணுமெண்டமட்டும் இருங்கோ."

படிகளில் அவருடைய காலடி மெதுவாக இறங்கிப் போனது.

ஆனந்தராஜா நாணயத்தால் தாழ்ப்பாளைத் திருப்பி உள்ளே போய் ஷவரை நிறுத்தினார். ஆவியில் ஒரு பொட்டு நழுவிக் கண்ணாடியின் அடிக்கு வந்திருந்தது. அதை எடுத்து, பழைய இடத்தில் வைத்து, விரலால் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்தார்.

வெளியே வந்தபோது பிலோமினம்மா இன்னும் அங்கேயே நின்றாள்.

"நல்ல காலம் அம்மா. மனுசனுக்கு ஒண்டும் தெரியேல்லை. தெரியாத ஆக்களை ஏமாத்திறது பாவம்தான். நீங்கள் சொல்லிப்போடாதேங்கோ."

அவள் வாளியைக் கீழே வைத்தாள்.

"தம்பி, அண்டைக்கு ஆள் காணாமல் சுசிலாவின்ர பெட்டியை உங்களுக்கு முன்னால நிண்டு தூக்கினது அவர்தானே."