முன்னாடி ரெண்டு இஞ்சு

ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கிற எதையும் சும்மா விட்டு வைக்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. இதை நானே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இல்லாவிட்டால் என் மனைவி சொல்லுவாள், அது இன்னும் நீளமாக இருக்கும். மின்விசிறி சத்தமில்லாமல் சுற்றினால், ஏன் சத்தம் வரவில்லை என்று கழற்றிப் பார்க்கிற ஜென்மம் நான். அப்பேர்ப்பட்டவன் கையில், இருபத்தேழு வயதில், கல்யாணத்துக்குச் சில மாதம் இருக்கும்போது ஒரு காண்டெஸா கார் கிடைத்தால் என்ன ஆகும்?

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. ராஜபாளையத்தில் எங்களுக்குப் பேண்டேஜ் துணி நெய்கிற தறிக்கூடம். வீட்டுச் சுவரை ஒட்டியே தறிகள் ஓடும். (அதனால் எங்கள் குடும்பத்தில் ரகசியம் பேசுவதுகூட உரக்கத்தான்.) அப்பா கோயம்புத்தூரில் தெரிந்தவர் ஒருவரிடமிருந்து அந்தக் காரைப் பழசாக வாங்கி வந்தார். கருஞ்சிவப்பு நிறம். அன்றைக்கு நம் ரோட்டில் ஓடிய கார்களில் வேகத்துக்குப் பேர் போனது. ஆக்ஸிலேட்டரில் கால் வைத்தால் போதும், சீறிக்கொண்டு கிளம்பும். இஞ்சினில் ஒரு குறை சொல்ல முடியாது. பழைய சொந்தக்காரர் எஸ்டேட் ரோட்டிலேயே அடித்து ஓட்டியதில் ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் மட்டும் தளர்ந்து போயிருந்தன. வளைவில் திரும்பினால் வண்டி தொட்டில் மாதிரி ஆடும்.

அந்த ஆட்டத்தை நான் பெரிதாக எடுத்துக்கொண்டிருக்க மாட்டேன். பெண் பார்க்க ஸ்ரீவில்லிபுத்தூர் போன அன்றுதான் அது தலைபோகிற விஷயமாயிற்று. "ரெண்டு வார்த்தை பேசிக்கிடுங்க" என்று எங்களை உள் அறையில் உட்கார வைத்தார்கள். நான் இருபது நிமிஷம் காரைப் பற்றிப் பேசினேன். (வேறு என்ன பேசுவது என்று யாரும் சொல்லித் தரவில்லை.) கோமதி பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று சொன்னாள்.

"கார்ல போனா எனக்கு வாந்தி வரும். வளைவுல ஆடும்போதுதான் வரும். பரவால்லயா?"

பரவாயில்லையாவா! அந்த நிமிஷமே நான் விழுந்துவிட்டேன். இந்தப் பெண்ணைக் கட்டுகிறேன், இவள் ஏறுகிற வண்டி இனி ஆடக்கூடாது, அழைப்பு ஊர்வலத்துக்கே ஆடாத வண்டியில் வந்து இறங்குகிறேன் என்று மனசுக்குள் சபதமே போட்டாயிற்று. சபதத்தை மனசுக்குள் வைத்திருந்தாலாவது தப்பித்திருக்கலாம். நிச்சயதார்த்தத்தன்று அவள் அப்பாவிடம், "மாமா, மாப்பிள்ளை அழைப்புக்கு என் சொந்தக் கார்லதான் வருவேன். பாத்துக்கிட்டே இருங்க!" என்று சொல்லித் தொலைத்தேன்.

மாமா ராணுவத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர். இருபது வருஷத்துக்கு மேல் ராணுவ வண்டிப் பட்டறையில் வேலை. மீசையைக்கூட அளவுகோல் வைத்துத்தான் வெட்டியிருப்பார் போல. "எதுல வேணா வாங்க. ஆறு மணிக்குப் பிள்ளையார் கோவில்ல நிக்கணும். சொன்ன நேரத்துக்கு வராத ஆளுக்குப் பொண்ணு குடுக்க மாட்டேன்" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் எங்களுக்கு முன்னால் பெண் பார்க்க முக்கால் மணி நேரம் தாமதமாக வந்த ஒரு குடும்பத்தைக் காபிகூடக் கொடுக்காமல் திருப்பி அனுப்பியவர் அவர். ஊரே அறிந்த விஷயம் அது.

மதுரையில் பழைய புத்தகக் கடையில் ஒரு வெளிநாட்டுக் கார் பத்திரிகை வாங்கி வைத்திருந்தேன். அதில் ஒரு கார் தரையோடு தரையாகப் பதுங்கி, அகல டயரில் நின்றுகொண்டிருக்கும். படத்தை எடுத்துக்கொண்டு சூசை அண்ணன் பட்டறைக்கு ஓடினேன். சூசை அண்ணன் லாரிகளையே வேலை பார்த்துப் பழகியவர். படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏன் தம்பி, இது பஞ்சராகி நிக்குதா?" என்று கேட்டார்.

கடினமான ஸ்பிரிங், புது ஷாக் அப்சார்பர், ஒரு சாண் அகல டயர் எல்லாம் கோயம்புத்தூரிலிருந்து வந்து இறங்கின. ஒவ்வொரு பார்சலையும் பிரிக்கும்போது எனக்கு அப்படி ஒரு குதூகலம். (கல்யாணப் பட்டுவேட்டி வந்தபோது பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.) இரண்டு நாளில் மாட்டி முடித்தார் சூசை அண்ணன். நானும் என் அக்கா வீட்டுக்காரர் அத்தானும் வண்டியை எடுத்துக்கொண்டு அய்யனார் கோவில் ரோட்டுக்குப் பறந்தோம்.

அடடா, அதை என்ன சொல்ல! வளைவுக்கு வளைவு வண்டி ரோட்டைக் கவ்விக்கொண்டு திரும்பியது. ஆட்டமா? ஒரு பொட்டு இல்லை. நான் ஸ்டீயரிங்கைத் தட்டிக் கூவினேன். பக்கத்தில் அத்தான் இரண்டு கையாலும் இடுப்பைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"மாப்ளே, ரோட்டுல ஒரு ரூவாத் துட்டு கெடந்தா அது தலையா பூவான்னு என் இடுப்பு சொல்லிரும்லே" என்றார்.

அதையும் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன். வீட்டு வாசலில் நிறுத்திவிட்டுத் தள்ளி நின்று பார்த்தபோதுதான் அந்தக் குறை கண்ணில் பட்டது. புது ஸ்பிரிங் விறைப்பாக நின்றதில் வண்டியின் மூக்கு மேலே தூக்கிக்கொண்டிருந்தது. பத்திரிகைக் கார் பதுங்குகிற புலி என்றால், என் கார் தும்மப் போகிற ஆடு. முன்பக்கத்தை இரண்டு அங்குலம் தாழ்த்தியே ஆக வேண்டும். வண்டியைத் திரும்பப் பட்டறைக்கு அனுப்பினேன். பூ அலங்காரத்தையும் அங்கேயே முடித்து, அழைப்பன்று மூன்று மணிக்குக் கொண்டுவந்துவிடுவதாகப் பேச்சு.

நேரில் போய் விளக்கிச் சொல்லியிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் பந்தக்கால் ஊன்றிய பிறகு மாப்பிள்ளை வாசப்படி தாண்டக் கூடாது என்று அம்மா குறுக்கே நின்றுவிட்டாள். அழைப்புக்கு முந்தின நாள் காலையில் வீட்டுத் தொலைபேசியிலிருந்து கூப்பிட்டேன். சுவருக்கு அந்தப் பக்கம் தறிகள் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தன.

"அண்ணே, முன்னாடி ரெண்டு இஞ்சு எறக்கிருங்க!" என்று கத்தினேன்.

"என்னது? இஞ்சினையா எறக்கணும்?"

"ஆமாண்ணே, இஞ்சுதான்! எறக்கிருங்க!"

"தம்பி, நாளைக்குல்லா அழைப்பு? பின்னாடி எறக்குனா ஆகாதா?"

"பின்னாடி வேண்டாம்ணே! முன்னாடி மட்டும்!"

"கல்யாணத்துக்கு முன்னாடியேவா?"

கடைசி வார்த்தை மட்டும்தான் என் காதில் விழுந்தது. "முன்னாடியேதான்!" என்று அடித்துச் சொன்னேன்.

"சரி, ஒங்க இஷ்டம்" என்று வைத்துவிட்டார்.

மறுநாள் மூன்று மணி ஆயிற்று. மூன்றரையும் ஆயிற்று. பெண்கள் எல்லோரும் வேனில் ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கிளம்பிப் போய்விட்டார்கள். வண்டியைக் காணோம். பட்டறைக்குப் போன அத்தான் நான்கு மணிக்குத் திரும்பி வந்தார். முகத்தில் ஈயாடவில்லை.

"மாப்ளே, வண்டி எறங்கிருச்சு."

"எம்புட்டு எறங்கியிருக்கு அத்தான்?"

"அம்புட்டும்."

வாசப்படியாவது சம்பிரதாயமாவது! முகத்தில் நலங்கு மஞ்சளோடு பட்டறைக்கு ஓடினேன். காருக்கு மேலெல்லாம் மல்லிகைச் சரம். முன்பக்க மூடி திறந்து கிடந்தது. உள்ளே ஒன்றுமில்லை, நேராகத் தரை தெரிந்தது. இஞ்சின் பக்கத்தில் சாக்குமேல் கிடந்தது. அதன் உள்ளுறுப்புகள் மூன்று பேசினில் மண்ணெண்ணெயில் ஊறிக்கொண்டிருந்தன. பட்டறைகளில் இஞ்சின் இறக்குவது என்றால் அதுதான்: வெளியே எடுத்து, திருகு திருகாகப் பிரித்துப் போடுவது.

"வாங்க தம்பி! நல்ல இஞ்சின ஏன் எறக்கச் சொல்லுதாகன்னு நானும் யோசிச்சேன். கல்யாணத்துக்குப் பின்னாடி எறக்குவோம்னு கெஞ்சினேன், நீங்கதான் முன்னாடியேன்னு ஒத்தக்கால்ல நின்னீக" என்றார் சூசை அண்ணன், பெருமையாக.

"அண்ணே, நான் சொன்னது வண்டிக்கு முன்னாடி! ரெண்டு இஞ்சு! இஞ்சு!"

சூசை அண்ணன் சாக்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "யேசுவே!" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. பெரிய முகூர்த்த நாள், ஊரில் ஒரு வாடகைக் கார் கிடையாது. ஆறு மணிக்குப் பிள்ளையார் கோவிலில் நிற்காவிட்டால் கோமதி இல்லை. ஊர்வலத்துக்கு மாப்பிள்ளை நடந்து போவதாக இருந்தால் நான் வாய் கிழியப் பேசிய பேச்சு என்ன ஆவது?

அத்தான்தான் ஆபத்பாந்தவன். "அழறத நிறுத்துலே. ஊர்வலத்துல காரு மனுச நடைக்குத்தான போவும்? அதுவரைக்கும் லாரியில கட்டி இழுப்போம். ஊருக்குள்ள நம்ம தறிக்காரப் பயலுக பின்னால தள்ளட்டும். மேளச் சத்தத்துல இஞ்சின் ஓடுதா ஓடலையான்னு எவன் கேக்கப் போறான்?" என்றார்.

ஆனால் இஞ்சின் போனதில் மூக்கு இன்னும் உயர்ந்து, கார் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. பாரம் வேண்டும்! சீருக்கு வைத்திருந்த தேங்காய் மூட்டை இரண்டு, அரிசி மூட்டை ஒன்று, ஒரு வாழைத்தார், எல்லாவற்றையும் இஞ்சின் இருந்த குழியில் பலகை போட்டு அடுக்கிக் கட்டினோம். அத்தான் தள்ளி நின்று பார்த்துவிட்டு, "ஏலே, சரியா ரெண்டு இஞ்சு எறங்கிருச்சு!" என்று கூத்தாடினார். பாவி மனசு, அந்த நிலைமையிலும் எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகத்தான் இருந்தது.

நாலே முக்காலுக்குக் கிளம்பினோம். முன்னால் சூசை அண்ணன் லாரி. கயிற்றின் மறுமுனையில் பட்டுவேட்டியோடு நான். இஞ்சின் இல்லாத வண்டியின் பிரேக் கல்லாக இருந்தது. லாரி வேகத்தைக் குறைக்கும்போதெல்லாம் இருக்கையிலிருந்து எழுந்து நின்று மிதித்தேன். எதிரே வந்த மதுரை பஸ்ஸில் அத்தனை ஜன்னலிலும் தலை. நான் பெருந்தன்மையாகக் கையசைத்தேன். ஸ்ரீவில்லிபுத்தூர் தொடங்குகிற இடத்தில், மடவார்வளாகத்தில் கயிற்றை அவிழ்த்தோம். லாரியில் வந்த எங்கள் தறிக்காரர்கள் எட்டுப் பேர் இறங்கி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னால் நின்றார்கள். "தள்ளுறது தெரியாம தள்ளணும்லே. சும்மா கை வச்சுக்கிட்டு வாரமாதிரி வாங்க" என்று அத்தான் உத்தரவு போட்டார்.

பிள்ளையார் கோவில் வாசலில் மேளம் முழங்கியது. மாமா கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றிருந்தார். கார் சத்தமே இல்லாமல் வழுக்கிக்கொண்டு போய் நிற்க, அவர் புருவம் உயர்ந்தது.

"என்ன மாப்ளே, இஞ்சின் சத்தமே கேக்கல?"

"அம்புட்டு நைஸா ட்யூன் பண்ணியிருக்கு மாமா" என்றேன், கூசாமல்.

அவர் காரைச் சுற்றி வந்தார். டயரைத் தட்டிப் பார்த்தார். "நல்ல டயரு." முன்பக்கம் இரண்டு கையையும் ஊன்றி அமுக்கினார். "ஷாக் அப்சார்பரும் கெட்டியா இருக்கு. பலே!" ராணுவப் பட்டறைக்காரர் வாயால் பலே! நான் உள்ளே உட்கார்ந்தபடியே இரண்டு இஞ்சு வளர்ந்தேன். பாராட்டிய வேகத்தில் இன்னொரு தடவை ஓங்கி அமுக்கினார் மனுஷன். உள்ளே ஏதோ படாரென்று அறுந்தது.

காருக்கு அடியிலிருந்து ஒரு தேங்காய் உருண்டு வந்தது. அப்புறம் இன்னொன்று. மூன்றாவது நேராகப் போய் மாமாவின் செருப்பில் முட்டி நின்றது. நாதஸ்வரக்காரர் வாசிப்பதை நிறுத்திவிட்டார். மாமா குனிந்து அதை எடுத்து, காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தார்.

"மாப்ளே, ஒங்க வண்டி காய்க்குதே" என்றார். "தொறங்க."

திறந்தேன். தேங்காய், அரிசி, வாழைத்தார். பெண் வீட்டார் அத்தனை பேரும் எட்டிப் பார்த்தார்கள். "மாமா, இஞ்சுன்னு சொன்னேன்... அவரு இஞ்சின்னு... முன்னாடின்னா..." என்று உளறினேன். மானம் போனது போகட்டும், பெண்ணும் போய்விடுமே!

"எங்கருந்து இப்படி வாரீக?"

"ராஜபாளையத்துலருந்து, மாமா."

"இஞ்சின் இல்லாமயா?"

"ஆமா மாமா."

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "அஞ்சு அம்பத்தாறு" என்று கூட்டத்துக்குக் கேட்கும்படி அறிவித்தார். பிறகு மேல்துண்டை எடுத்து இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு, நேராகக் காருக்குப் பின்னால் போய், எட்டுத் தறிக்காரர்களுக்கு நடுவில் தோள் கொடுத்து நின்றார். "என்னடா பொம்மை மாதிரி கை வச்சுக்கிட்டு நிக்கீக? சேந்து தள்ளு!" என்று ஒரு ராணுவ அதட்டல். மேளம் மறுபடி கிளம்பியது. நான்கு தெரு. பெண்ணைக் கொடுக்கிறவரே தள்ள, நான் மாலையோடு மண்டபத்தில் போய் இறங்கினேன்.

கல்யாணம் முடிந்து பத்தாம் நாள் இஞ்சின் ஏறியது. கோமதியை உட்கார வைத்து அதே அய்யனார் கோவில் ரோட்டில் போனேன். இறங்கியதும், "வாந்தி வரல. இடுப்புதான் எங்கயோ கழண்டு விழுந்துருச்சு" என்றாள். மறுநாளே கொஞ்சம் மெதுவான ஸ்பிரிங்காகப் பார்த்து மாற்றிவிட்டேன்.

மாமாவுக்கு இப்போது எண்பது தாண்டிவிட்டது. அவரோடு ராணுவத்தில் இருந்தவர்கள் யாராவது வீட்டுக்கு வந்தால், என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிறுத்தித் தோளில் கை போட்டுக்கொண்டு, இத்தனை வருஷமாக ஒரே வாசகத்தில்தான் அறிமுகம் செய்கிறார்:

"நம்ம மாப்பிள்ளைக்கு இஞ்சின்தான் கெடையாது. ஆனா சொன்ன நேரத்துக்கு வந்துருவாரு."