வைகாசி வெயிலில் ஹீட்டர்

கத்திரி வெயிலில் காருக்குள் ஹீட்டர் போட்டுக்கொண்டு ஓட்டிய மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் விருத்தாசலத்தில் நான் வேலை பார்த்த பீங்கான் பொம்மைக் கம்பெனியின் முதலாளி. அப்பா அம்மா வைத்த பெயர் பேங்க்காரர்களுக்கு மட்டுமே தெரியும். மற்ற எல்லோருக்கும் அவர் 'ஹீட்டர்'.

எண்பதுகளின் கடைசியில், ஊட்டியில் யாரோ கழித்துவிட்ட பழைய வெளிநாட்டுக் காரை ஆசையாக வாங்கி வந்தார். குளிர்ப் பிரதேசத்துக் கார் என்பதால் அதில் ஹீட்டர் இருந்தது. அதன் பின்னால் ஒரு டிரெய்லரைக் கட்டி, வைக்கோல் சுற்றிய பொம்மைகளைத் திட்டக்குடி வரை இழுத்துப் போவார். பாரம் இழுத்தால் அந்தக் கிழட்டு இஞ்சின் கொதிக்கும். கொதித்தால் ஹீட்டரைத் திருகுவார்.

"அவங்க சூட்ட நாம கொஞ்சம் வாங்கிக்கிட்டா அவங்களுக்குக் கொறையும்டா!"

'அவங்க' என்றால் கார். உலகத்தையே 'வாடா, போடா' என்று அழைத்தவர், காரை மட்டும் மரியாதை குறைத்துப் பேசி நான் கேட்டதில்லை. ஒருமுறை காரில் உடன் வந்த வியாபாரி, "ஐயா, நான் பஸ்ஸுல வரேங்க" என்று பாதி வழியில் இறங்கி ஓடினார். "ஒடம்புல தெம்பு இல்ல" என்று ஹீட்டர் அவருக்காக வருத்தப்பட்டார்.

என் கல்யாணம் ஒரு வைகாசியில். பெண் வீடு விருத்தாசலம். நாங்கள் எங்கள் ஊரான கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து வேனில் கிளம்பினோம். ஹீட்டர் தன் காரில் பின்னால் வந்தார். ஊரைத் தாண்டியதும் வேன் படுத்துவிட்டது. முகூர்த்தம் நெருங்கிக்கொண்டிருந்தது.

"மாப்பிள்ள மட்டும் நம்ம கார்ல ஏறட்டும்" என்றார் ஹீட்டர்.

"எங்கள ரோட்டுல வுட்டுட்டா? நான் இல்லாம எப்படித் தாலி கட்டுவான்?" அம்மா வேனை விட்டு இறங்கவே இல்லை.

ஹீட்டர் வேனைச் சுற்றி வந்து பார்த்தார். "கனத்த ஆம்பளைங்க எல்லாம் எறங்கி பஸ்ஸு புடிங்கடா" என்று கட்டளையிட்டு, வேனையே காரின் பின்னால் கயிறு போட்டுக் கட்டினார். முன்சீட்டில் நான், பின்சீட்டில் என் தாய்மாமா.

செகண்ட் கியரில் ஊர்ந்தோம். இஞ்சின் சூடு காட்டும் மீட்டரில் முள் ஏறியது. ஹீட்டரைத் திருகினார். பட்டு வேட்டிக்குள் அனல் புகுந்தது.

"ஐயா, வேகுதுங்க" என்றார் மாமா.

"ஜன்னலத் தொறந்துக்கடா. நீ வேர்த்தா பரவால்ல, அவங்க நின்னுடக் கூடாது."

அப்படியும் பாதி வழியில் பானெட்டிலிருந்து ஆவி கிளம்பியது. ஹீட்டர் வண்டியை ஓரங்கட்டி அணைத்தார். மாமா தண்ணீர் கேனுடன் பாய்ந்து ரேடியேட்டர் மூடியில் கை வைக்கப் போனார்.

"கைய எடுடா! மூஞ்சி வெந்துடும்! அவங்க ஆறட்டும்!"

என் அங்கவஸ்திரத்தை உருவிக்கொண்டுபோய் இஞ்சினுக்கு விசிறத் தொடங்கினார். வேனிலிருந்து அம்மா, "எம்புள்ளைக்கு விசுறுங்கய்யா!" என்று கத்தினாள். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது; வியர்வையில் யாருக்கும் தெரியவில்லை. சூடு நன்றாகத் தணிந்த பிறகே மூடியைத் திறந்து தண்ணீர் ஊற்ற விட்டார்.

முகூர்த்தம் முடியும் தறுவாயில் மண்டபத்தில் நுழைந்தோம். மாமனார் பதறினார்: "என்னா மாப்ள, கொளத்துல வுழுந்துட்டீங்களா?"

மணையில் உட்கார்ந்ததும் பக்கத்திலிருந்து மெல்லிய குரல் கேட்டது. "ஏன் இப்படி வேர்க்குது? என்னைப் புடிக்கலீங்களா?"

"ஹீட்டரு" என்றேன். வேறு விளக்கம் சொல்ல நேரமில்லை.

அவள் முகம் வாடியது. அந்த நேரம் பார்த்து முதலாளி உள்ளே வந்தார். சூளையிலிருந்து அப்போதுதான் எடுத்த பொம்மை மாதிரி சிவந்து, தலைமுதல் கால்வரை சொட்டச் சொட்ட, "டேய், கட்டுடா! எதுக்குடா காத்துட்டிருக்க?" என்று கூவினார். அவரைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. குனிந்து சிரித்துக்கொண்டிருந்தவள் கழுத்தில்தான் நான் தாலி கட்டினேன்.

முதலாளி போய்ச் சேர்ந்து சில வருடங்கள் ஆகிவிட்டன. கல்யாண ஆல்பத்தில், மழையில் நனைந்தவர்கள் மாதிரி நானும் அவரும் தோளில் கை போட்டு நிற்கும் படம் ஒன்று இருந்தது. இப்போது அது ஆல்பத்தில் இல்லை. சாமி படங்களுக்குப் பக்கத்தில் இருக்கிறது. மாட்டியது என் மனைவி.