கிலோ அக்கா கட்டிய பெட்டி

உலகத்தில் உள்ள தராசெல்லாம் ஒரே நாளில் பழுதாகிப் போனாலும் கோவில்பட்டியில் வியாபாரம் நிற்காது. எங்கள் தெருவில் கிலோ அக்கா இருக்கிறாள். எந்தப் பொருளையும் ஒரு தடவை கையில் தூக்கிப் பார்த்து எடை சொல்லிவிடுவாள். ஐம்பது கிராம் முன்னே பின்னே இருந்தால் தராசைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

அவளுக்கென்று ஒரு பெயர் உண்டு. அது ரேஷன் கார்டைப் பார்த்தால்தான் தெரியும். இருபது வருடமாகத் தீப்பெட்டி ஆபீஸில், அதாவது தீப்பெட்டித் தொழிற்சாலையில், கட்டுப் போடும் வேலை. பன்னிரண்டு தீப்பெட்டியை அடுக்கி, தாளைச் சுற்றி ஒட்டினால் ஒரு டஜன் கட்டு. ஒரு பெட்டியில் நாலு குச்சி குறைந்தாலும் அக்காவின் கை கண்டுபிடித்துவிடும் என்று சொல்வார்கள். நான் சோதித்ததில்லை, நம்பினேன்.

தெருவில் பிள்ளை பிறந்தால் ஆஸ்பத்திரிச் சீட்டை யார் பார்த்தார்கள்? அக்கா தூக்க வேண்டும். “ரெண்டே முக்கா. அவிய ரெண்டு அறுநூறுன்னா எழுதியிருக்காவ? மிஷினு சரியில்ல” என்பாள். கிடா வாங்க அவளைக் கூட்டிக்கொண்டு போனால், புதூர்ப் பக்கத்து ஆட்டுக்காரர் தூரத்திலேயே கும்பிடுவார். “தாயி, நீ பாத்துட்டு மட்டும் போ. தொடாத!” ஒருமுறை எதிர்வீட்டுக்குப் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை உட்கார்ந்ததும் பிளாஸ்டிக் நாற்காலி ஒரு முனகு முனகியது. அக்கா தூக்காமலே சொல்லிவிட்டாள்: “தொண்ணூத்திரெண்டு.” அந்தச் சம்பந்தம் அத்தோடு நின்றது.

இப்படிப்பட்ட ஆளை ஊர் சும்மா விடுமா? துபாய், குவைத், சிங்கப்பூர் என்று யார் கிளம்பினாலும் பெட்டி கட்டுவது கிலோ அக்காதான். விமானத்தில் விடுவது இருபத்துமூன்று கிலோ என்றால் பெட்டியும் இருபத்துமூன்று கிலோ. அதில் ஒரு கிராம் காலியாகப் போனாலும் அவளுக்குச் சோறு இறங்காது.

எங்கள் அப்பா கழுகுமலை பஸ்ஸில் கண்டக்டர். அவர் மகளான எனக்கு ஜெர்மனியில் ஒரு பல்கலைக்கழகத்தில் மேல்படிப்புக்கு இடம் கிடைத்தது. தெருவே குதித்தது. நான் அதைவிட உயரமாகக் குதித்தேன். ஆனால் விசா வருவதாக இல்லை. வகுப்புகள் தொடங்கியே விட்டன. கெஞ்சிக் கடிதம் போட்டதில், வெள்ளிக்கிழமைக்குள் நேரில் வந்து பதிந்தால் சேர்த்துக்கொள்கிறோம், தவறினால் இடம் வேறு ஆளுக்கு என்று பதில் வந்தது. விசா திங்கட்கிழமை கையில் கிடைத்தது. புதன்கிழமை மதுரையிலிருந்து டிக்கெட். அந்த விமானத்தை விட்டால் அடுத்ததில் போய்ச் சேருவதற்குள் வெள்ளி முடிந்துவிடும்.

செவ்வாய்க்கிழமை காலையிலேயே அக்கா வேலைக்கு லீவு சொல்லிவிட்டு வந்து, எங்கள் வீட்டுக் கூடத்தில் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். முதல் வேலையாக என் புத்தகங்களை வெளியே எடுத்துப் போட்டாள்.

“அக்கா, அது படிக்க வேண்டிய புஸ்தகம்!”

“அம்புட்டுப் பெரிய காலேஜுங்கியே, ஒரு புஸ்தகம்கூடவா வச்சிருக்க மாட்டான்? காராச்சேவு வச்சிருப்பானா? அதச் சொல்லு.”

நான் புத்தகங்களை அலமாரியில் திரும்ப அடுக்கினேன். ஷூவுக்குள் இட்லிப் பொடி போனது. காலுறைக்குள் மிளகு. கோட்டுப் பைகள் நான்கிலும் கடலை மிட்டாய். எல்லாம் முடிந்து தூக்கிப் பார்த்து முகம் சுளித்தாள். “நூறு கிராம் கொறையுதேட்டி.”

“இருந்துட்டுப் போகட்டும்க்கா.”

“ஏன், ஏரோப்ளேன்காரன் ஒனக்கு மாமனா மச்சானா, சும்மா விட்டுக் குடுக்க?” என்று மேலும் ஒரு கருப்பட்டியைத் திணித்தாள். ஏற்கெனவே அதற்குள் பதினாறு இருந்தது.

மறுநாள் வாடகைக் காரில் அப்பா, அம்மா, நான், பெட்டி, பெட்டியைக் கட்டிப்பிடித்தபடி அக்கா. மதுரை விமான நிலைய வாசலில் அவர்கள் மூவரையும் நிறுத்திவிட்டார்கள். நான் உள்ளே போய்ப் பெட்டியை எடைமேடையில் வைத்தேன். இருபத்துமூன்று, புள்ளி, சுழி! கவுண்ட்டரில் இருந்த பெண் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். நான் அங்கேயே கைதட்டினேன். எனக்கு அப்போது இருந்த சந்தோஷத்துக்கு விமானமே தேவையில்லை, பறந்துகொண்டுதான் இருந்தேன்.

அரைமணி நேரத்தில் ஒலிபெருக்கியில் என் பெயரைக் கூப்பிட்டார்கள்.

ஓர் அறையில் என் பெட்டி திறந்து கிடந்தது. பக்கத்தில் ஓர் அதிகாரி, அவர் உள்ளங்கையில் ஒரு தீப்பெட்டி. “என்னம்மா இது?”

“தீப்பெட்டி சார்.”

“அது தெரியுது. ஏன் வச்சீங்க?”

“கோவில்பட்டி சார்” என்றேன். தீப்பெட்டிக்குப் பேர்போன எங்கள் ஊரில் அதற்குமேல் காரணம் யாரும் கேட்க மாட்டார்கள். அவர் கேட்டார். நான் அப்பாவுக்கு ஃபோன் போட்டு அக்காவிடம் கொடுக்கச் சொல்லி, ஸ்பீக்கரில் வைத்தேன்.

“ஆமாட்டி, நாந்தான் வச்சேன், ஒரு டஜன். அங்கன ஒரே பனியாம்லா! மொத்தமா வச்சா மொத்தமும் நமத்துப் போகும். அதான் கட்டப் பிரிச்சு, ஒவ்வொரு துணி மடிப்புக்குள்ளயும் ஒண்ணொண்ணா வச்சிருக்கேன். ஒண்ணு நமத்தாலும் இன்னொண்ணு பத்தும்.”

அதிகாரி நெற்றியைப் பிடித்துக்கொண்டார். “அம்மா, விமானத்துல தீப்பெட்டி ஏத்தக் கூடாது.”

“உரசுனாத்தானய்யா பத்தும்? அது பாட்டுக்குக் கெடக்கட்டும்.”

தேடல் தொடங்கியது. சுடிதாருக்குள் ஒன்று. ஸ்வெட்டர் கைக்குள் ஒன்று. துண்டுக்குள், தலையணை உறைக்குள், இட்லிப் பொடிக்குள்கூட ஒன்று. பதினொன்று வந்துவிட்டது. பன்னிரண்டாவது வரவில்லை. ஸ்கேனரில் விட்டுப் பார்த்தால் பதினேழு கருப்பட்டியும் கன்னங்கரேல் என்று எல்லாவற்றையும் மறைத்தன.

“பதினொண்ணுதான் இருந்திருக்கும் சார்” என்று கெஞ்சினேன். அதிகாரி மனம் இளகியது போலத்தான் இருந்தது. ஃபோனில் அக்காவுக்கு ரோஷம் வந்துவிட்டது.

“யாரு, நானா பதினொண்ணு வப்பேன்? இருவது வருசமா டஜன் போடுதேன் சார்! ஒரு நாளு ஒரு கட்டு தப்புனதில்ல. பன்னெண்டுன்னா பன்னெண்டுதான்!”

போயிற்று. பன்னிரண்டாவது கிடைக்காமல் பெட்டி ஏறாது என்று அதிகாரி சொல்லிவிட்டார். மறுபடி எல்லாவற்றையும் உதறினோம். விமானத்துக்குக் கடைசி அழைப்பு கேட்டது. “பெட்டியோட இருக்கீங்களா, இல்ல பெட்டிய வெளியே இருக்கிறவங்ககிட்ட குடுக்கச் சொல்லிட்டுப் போறீங்களா? சீக்கிரம் சொல்லுங்க” என்றார்.

நான் உடுத்த வேண்டியது, தின்ன வேண்டியது எல்லாம் அதில்தான் இருந்தது. பெட்டி மேலேயே உட்கார்ந்து ஓவென்று அழுதேன். ஃபோனில் அக்காவின் சத்தம் அந்த அறையையே அதிர வைத்தது.

“ஏட்டி! அந்தப் பெட்டிச் சவத்த விடுட்டி!”

“அக்கா, துணியெல்லாம்...”

“துணி எங்கனயும் வாங்கலாம், காலேஜ வாங்க முடியுமா? சர்ட்டிபிகேட்டு தோள்பையிலதான இருக்கு? எந்திரி! ஓடு!”

நூறு கிராமை விடாத கிலோ அக்கா இருபத்துமூன்று கிலோவை விடச் சொன்னாள். நான் எழுந்து ஓடினேன். கடைசி ஆளாக விமானத்தில் ஏறியபோது இன்னும் விக்கிக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை மதியம் அந்தப் பல்கலைக்கழகக் கூடத்தில் நின்றேன். எத்தனை நாட்டு முகங்கள், எத்தனை பாஷைகள்! ஆளுயரப் பெட்டிகளை உருட்டிக்கொண்டு நின்றவர்களுக்கு நடுவில், கசங்கிய சுடிதாரும் தோள்பையுமாக நான். பதிவு செய்யும் அம்மாள் என் தாள்களைப் புரட்டி, டக்கென்று முத்திரை குத்தி, என் புகைப்படம் போட்ட அட்டையை நீட்டினார். வெளியே ஓடிவந்து படிக்கட்டில் நின்று வீடியோ கால் போட்டேன். எனக்கு மூச்சு வாங்கியது.

“கிடைச்சிட்டு! சேந்துட்டேன்!”

அப்பா, அம்மா, பாதித் தெரு எல்லாரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். அக்காவை மட்டும் காணோம். அப்பா தேடிப் பிடித்து இழுத்து வந்தார். முகம் வாடிக் கிடந்தது.

“ஏட்டி, அந்தப் பன்னெண்டாவது தீப்பெட்டி... கெளம்பும்போது காருக்கு முன்னால சூடம் கொளுத்த, அதுல ஒண்ண நாந்தான் உருவியிருக்கேன். என் முந்தானையில முடிஞ்சு கெடந்துச்சு. வீட்டுக்கு வந்துல்லா பாத்தேன். எம் புத்தியச் செருப்பால அடிக்கணும்.”

நான் சிரித்த சிரிப்பில் படிக்கட்டில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அக்கா சிரிக்கவில்லை.

“மாத்துத் துணிகூட இல்லாம எப்பிடிட்டி இருக்கே?”

“நல்லா இருக்கேன்க்கா. நீங்க ஓடுன்னு சொல்லலேன்னா, இந்நேரம் அந்தப் பெட்டி மேலதான் உக்காந்திருப்பேன்.”

அவள் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. புது நாடு, புதுப் படிப்பு, பார்க்க ஆசைப்பட்ட அத்தனையும் என் எதிரில் இருந்தது. எனக்கு அந்த நிமிஷத்தில் கிலோ அக்காவைக் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும் என்றுதான் இருந்தது.