சண்டைமீனுக்கு ஏற்ற செடி

புரட்டாசி முதல் தேதியன்று கோதண்டபாணி யாரும் கேட்காமலே கற்பூரத்தின் மேல் அடித்துச் சத்தியம் செய்தார். மாதம் முழுக்கக் கவிச்சியைத் தொடமாட்டாராம். அவர் வேலை பார்க்கும் பீங்கான் ஆலையில் சூளை மேஸ்திரி வேலை காலியாக இருந்தது. அது அவருக்குக் கிடைக்க வேண்டுமென்று மனைவி அம்புஜவல்லி ஸ்ரீமுஷ்ணம் பெருமாளுக்கு விரதம் தொடங்கியிருந்தாள்.

சத்தியம் முழுசாக நாலு நாள் தாங்கியது. ஐந்தாம் நாள் கத்தரிக்காய் சாம்பாரிலேயே அவருக்குப் பிரியாணி வாசனை அடித்தது.

நல்லவேளை, வீட்டில் ஒரு மீன் இருந்தது. சமைக்கிற மீன் இல்லை, வளர்க்கிற மீன். மெட்ராஸ் மூர் மார்க்கெட்டில் வாங்கி, ரயிலில் பாட்டிலோடு மடியில் வைத்துக் கொண்டுவந்த நீலநிறச் சண்டைமீன். கண்ணாடித் தொட்டி இருந்தது. அடியில் பரப்ப ஆலையில் உடைந்த பீங்கான் சில்லு இருந்தது. செடிதான் இல்லை.

"அம்புஜம், இந்த மீனு மேல வந்து மூச்சு வாங்கும். சாஞ்சு படுக்க இலை வேணும். இல்லேன்னா ஏங்கிப்போயிடும்."

"மணிமுத்தாத்துல பாசி கெடக்குதேங்க?"

"அது ஓடுற தண்ணிச் செடி. தொட்டியில அழுவிடும். நிக்கிற தண்ணிச் செடின்னா மங்கலம்பேட்டை ஏரிதான்."

"அப்ப சனிக்கிழமை போயிட்டு வாங்க" என்றாள், மறுபேச்சே இல்லாமல்.

மங்கலம்பேட்டையில் ஏரி இருந்தது. ஏரிக்கு முன்னால் முகம்மது கனி பாயின் பேர்போன பிரியாணிக் கடையும் இருந்தது.

சனிக்கிழமை அரை நாள் வேலை முடிந்ததும் பஸ் ஏறினார். சாயங்காலம் வேலம்பாசியோடு வந்து நட்டார். தொட்டிக்குள் கையை விட்டதும் மீன் ஓடிவந்து விரலைக் கொத்தியது.

"பாத்தியா! எசமானத் தெரியுது."

"தெரியுது, தெரியுது" என்றாள் அம்புஜவல்லி.

வெள்ளிக்கிழமைக்குள் பாசி அழுகிவிட்டது. கோதண்டபாணி முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு மறுபடி பஸ் ஏறினார். இந்தத் தடவை கொட்டிச்செடி. அதுவும் அழுகியது. அதற்கடுத்து அல்லிக் கன்று. அதுவும் போயிற்று. செடி சாகச் சாக அவர் உடம்பு தேறியது. மனசு மட்டும் தேறவில்லை. மேஸ்திரி ஆர்டர் இன்னும் வரவில்லை. வராமல் போனால் இந்தப் பிரியாணிதான் காரணம் என்று ஒவ்வொரு கவளத்துக்கும் நடுங்கினார். நடுங்கிக்கொண்டே இன்னொரு தட்டு வாங்கினார்.

நாலாம் சனிக்கிழமை பாய் கையை விரித்தார். ஏதோ கல்யாண வீட்டுக்காரர்கள் அண்டாவோடு தூக்கிக்கொண்டு போய்விட்டார்களாம். வெறுப்பில் கோதண்டபாணி ஏரிப் பக்கமே போகவில்லை. வழக்கமாக விளக்கு வைக்கிற நேரத்துக்குத் திரும்புகிறவர் நாலு மணிக்கே வந்துவிட்டார்.

வீடு பூட்டியிருந்தது. வாசலிலேயே காத்துக் கிடந்தார். ஆறு மணிக்கு அம்புஜவல்லியும் பக்கத்து வீட்டு விருத்தாம்பாளும் தலை நிறையப் பூவோடு சிரித்துக்கொண்டு வந்தார்கள். அவரைப் பார்த்ததும் விருத்தாம்பாள் தன் வீட்டுக்குள் மறைந்தாள். அம்புஜவல்லி கையில் சினிமாப் பாட்டுப் புத்தகம். குடும்பப் பெண்கள் கொட்டகைப் பக்கமே போகக்கூடாது என்பது அவர் போட்டிருந்த சட்டம்.

"எத்தினி வாரமா நடக்குது?"

"நீங்க செடிக்குப் போற நாள்லேர்ந்துங்க." தலையைக் குனிந்துகொண்டாள். "செடி பொழைச்சிட்டா நீங்க போவமாட்டீங்களே. அதான் வாராவாரம் செடிய எடுத்து, வெந்நியில முக்கிட்டுத் திரும்ப நட்டேன்."

கோதண்டபாணிக்கு நெஞ்சில் பால் வார்த்தது போலிருந்தது. குற்றவாளி அவர் இல்லை, அவள்! நீதிபதி மாதிரி தொண்டையைக் கனைத்தார்.

"போனாப் போவுது. மன்னிச்சிட்டேன்."

"ரொம்ப நல்லதுங்க. இன்னிக்கு பிரியாணி தீந்துபோச்சா?"

கோதண்டபாணி அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

"யாரு சொன்னது?"

"மீனுதாங்க. நான் கைய வுட்டா திரும்பிக்கூடப் பாக்காது, சாம்பார் கை. நீங்க வுட்டா மட்டும் கவிச்சி வாசத்துக்கு வெரலத் தின்ன வருதே!"

அவருக்கு அழுகையே வந்துவிட்டது. "பெருமாளுக்குத் தெரிஞ்சா வேலை போச்சே, அம்புஜம்!"

"வேலை வரும், பயப்படாதீங்க" என்று பூட்டைத் திறந்தாள். "விரதம் நான் மட்டும் இருக்கேன்னுதான் வேண்டிக்கிட்டேன். உங்க சத்தியத்த நம்பி பெருமாள்கிட்ட நான் எப்படிங்க வாக்கு குடுக்கிறது?"