பன்னிரண்டு முழக் கயிறும் சித்தப்பாவின் நான்கு மூலைகளும்

மதிப்பிற்குரிய சித்தப்பாவுக்கு,

இல்லை, நீங்கள் கட்டிய ஆய்வகத்தை இடிக்கச் சொல்லவில்லை. யார் உங்களிடம் அப்படிச் சொன்னார்களோ, அவர்கள் பாதிதான் சொல்லியிருக்கிறார்கள். மீதிப் பாதி இன்னும் மோசம். அதை நானே சொல்கிறேன்.

முதலில் முறைப்படி வணக்கம். நான் நலம். நீங்களும் சித்தியும் நலமா என்று கேட்க எனக்கு இப்போது உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை, ஆகவே பாதி உரிமையோடு கேட்கிறேன். மூன்று நாளாகப் போன் செய்கிறேன். சித்தி எடுத்து, "அவரு குளிக்கிறாரும்மா" என்கிறார். மூன்று நாளாகவா? நேற்று உங்களிடமிருந்து மூன்றே சொற்கள் வந்தன. "என் மூலை கோணலா?" கேள்விக்குறியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அதுகூட முறைத்தது.

நடந்தது இதுதான். ஒன்பதாம் வகுப்புக்கு வடிவியல் தொடங்க வேண்டும். புத்தகம், "புள்ளி என்பது நீளமும் அகலமும் இல்லாதது" என்று ஆரம்பிக்கிறது. முப்பத்திரண்டு பெண்கள் அந்தப் புள்ளியைப் போலவே என்னைப் பார்த்தார்கள். புத்தகத்தை மூடினேன். (இங்கேயே நிறுத்தியிருக்கலாம். வாழ்க்கையில் எனக்கு எப்போதும் இந்த இடத்தில்தான் பிசகுகிறது.) ஓர் ஆற்றைப் பற்றிச் சொன்னேன். வருடா வருடம் பெருகும் ஆறு. வெள்ளம் வடிந்ததும் வயல் இருக்கும், வரப்பு இருக்காது. எது யாருடையது என்று தெரியாது. அப்போது கயிறு பிடிக்கும் ஆட்கள் வருவார்கள், இழுத்து அளந்து வரம்பை மறுபடி போடுவார்கள். இந்தப் பாடத்துக்கு வெளிநாட்டார் வைத்த பேருக்கே நிலத்தை அளப்பது என்றுதான் அர்த்தம், சேற்றில் பிறந்த கணக்கு இது என்றேன்.

"அப்ப ஆறு ஒழுங்கா இருந்திருந்தா நமக்கு இந்தப் பாடமே இல்லையா மிஸ்?" என்றாள் ஒருத்தி.

"வந்த ஆறு பாடத்தையும் அடிச்சிக்கிட்டுப் போயிருக்கலாம்" என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

சிரிப்பு. முதல் முறையாக வகுப்பு உயிரோடு இருந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. உடனே அந்தக் கயிற்றை நாமே செய்வோம் என்று அறிவித்துவிட்டேன். பன்னிரண்டு முழம், முழத்துக்கு ஒரு முடிச்சு, இரண்டு முனையையும் சேர்த்துக் கட்ட வேண்டும். மூன்று பேர் மூன்று முழம், நான்கு முழம், ஐந்து முழமாக முக்கோணம் போல இழுத்துப் பிடித்தால், மூன்றும் நான்கும் சேரும் இடத்தில் செங்கோணம். உங்கள் மூலைமட்டம் செய்யும் அதே வேலை. அந்த ஆற்றங்கரை ஆட்கள் இந்தப் பன்னிரண்டு முழ வித்தையைத்தான் செய்தார்களா என்பதில் அறிஞர்களுக்குள் சண்டை இருக்கிறது, அதையும் சொன்னேன். நேர்மையாக இருந்தேன், சித்தப்பா. நேர்மையால் வந்த வினை இல்லை இது.

வினை வந்தது அழகுணர்ச்சியால். கயிறு வந்ததும் ஒருத்தி இரும்பு ஸ்கேலை எடுத்தாள். "வையி அத உள்ள" என்றேன். "அந்தக் காலத்துல ஸ்கேல் ஏது? கைய நீட்டு. முழங்கையிலேருந்து விரல் நுனி வரைக்கும். அதான் முழம். உடம்பால அளக்கணும்." உடம்பால அளக்கணும். பல்கலைக்கழகத்தில் படித்தால் இப்படியெல்லாம் வாயில் வரும்.

கொக்கு என்று வகுப்பே கூப்பிடுகிறவள் முன்னால் வந்தாள். கூடைப்பந்து அணித்தலைவி, கதவில் குனிந்து வருபவள். ஏழு முழம் அளந்து முடிச்சுப் போட்டாள். பயிற்சிக்கு விசில் கேட்டதும் கயிற்றைக் கடுகின் கையில் திணித்துவிட்டு ஓடினாள். கடுகு முதல் பெஞ்சு, பெயருக்கேற்ற உயரம். மீதி ஐந்து முழத்தையும் அவள்தான் அளந்தாள், அவள் கையால். நான் பக்கத்திலேயே நின்று பார்த்து, "சபாஷ்" என்றேன். அந்த சபாஷ் இப்போதும் காதில் கேட்கிறது.

மறுநாள் புதன்கிழமை கயிற்றைத் தூக்கிக்கொண்டு எங்கே போனோம் என்று உங்களுக்குத் தெரியும். புதிய ஆய்வகம். நீங்கள் கட்டியது. வேண்டுமென்று போகவில்லை, காலியாக இருந்த அறை அதுதான். உண்மையைச் சொன்னால் கொஞ்சம் பெருமையும் இருந்தது. மூலைக்கு மூலை கயிறு கச்சிதமாக உட்காரும், கடைசியில் "இதைக் கட்டியது என் சித்தப்பா" என்று சொல்லலாம் என்று அந்த வாக்கியத்தை மனதுக்குள் வைத்திருந்தேன். கயிற்றின் ஒரு பக்கம் சுவரோடு ஒட்டி நின்றது. மறுபக்கத்துக்கும் சுவருக்கும் நடுவே ஆறு விரல் இடைவெளி. அடுத்த மூலை. ஆறு விரல். நான்கு மூலையிலும் ஆறு விரல். வாக்கியத்தை விழுங்கிவிட்டேன்.

வகுப்புக்குக் கொண்டாட்டம். "கோணல்! கோணல்!" என்று ஒரே கூச்சல். அந்தச் சத்தத்தில்தான் தலைமையாசிரியை உள்ளே வந்தார். தகுதிகாண் பருவத்தில் இருக்கும் என்னை வேவு பார்க்க வந்தவர், நோட்டும் பேனாவுமாக. ஆறு விரல் இடைவெளியில் தன் கையை விட்டுப் பார்த்தார். தலையை ஒரு பக்கம் சாய்த்துச் சுவரைப் பார்த்தார். இயற்பியல் ஆசிரியர் ஓடி வந்து, "நான் அன்னைக்கே நெனச்சேன் மேடம், இந்த ரூம்ல நின்னா எனக்குக் கிறுகிறுங்குது" என்றார். அவருக்கு எந்த அறையில் நின்றாலும் அப்படித்தான்.

"ரெண்டு வருஷமா ஒரு எஞ்சினியர் கண்டுபிடிக்கல" என்றார் தலைமையாசிரியை. "ஒரு கொடிக்கயித்த வெச்சு நீங்க கண்டுபிடிச்சிட்டீங்க. இந்த மாதிரி டீச்சர்தான் வேணும் எனக்கு. திங்கக்கிழமை உங்க நிரந்தர ஆர்டர்ல கையெழுத்துப் போடுறேன். அந்தக் கட்டடக்காரரையும் திங்கக்கிழமையே வரச் சொல்றேன். யாரு அவரு, தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும் மேடம்" என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். அதற்கு மேல் சொல்லவில்லை. இதற்காகத்தான் இந்தக் கடிதம்.

வியாழக்கிழமை பள்ளிக்கே பைத்தியம் பிடித்தது. கயிறு ஒரு பீரியடுக்கு ஒரு வகுப்பு என்று சுற்றியது. நூலகம் கோணல். கூடைப்பந்துத் திடல் கோணல். போன வருடம் ஏன் தோற்றோம் என்று கொக்கு கண்ணீரோடு விளக்கினாள். சாப்பாட்டு மேஜை கோணல், அதனால்தான் குழம்பு எப்போதும் இடது பக்கம் கொட்டுகிறது. அலுவலக எழுத்தர் தன் மேஜையை அளக்கக் கொடுத்து, கோணல் என்று தெரிந்ததும், "அதான் பைல் எல்லாம் நகர மாட்டேங்குது" என்று ஆறுதல் அடைந்தார். உலகத்தில் நேரானது ஒன்றுமில்லை என்று தெரிந்தால் மனிதர்களுக்கு இவ்வளவு சந்தோஷம் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. எனக்கும் வந்தது. மறைக்க மாட்டேன். ஒருநாள் முழுவதும் நான் இந்த ஊரிலேயே பெரிய கணித ஆசிரியை. நடுவில் உங்கள் முகம் ஞாபகம் வரும். உடனே யாராவது ஒரு கதவை அளக்கக் கூப்பிடுவார்கள், போய்விடுவேன்.

கடைசிப் பீரியடில் கரும்பலகையை அளந்தோம். நான்கு மூலையும் விரிந்திருந்தது. கைதட்டல். அப்போது கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல். மியூட்டின் குரல். ஜூன் முதல் நாளிலிருந்து அவள் பேசி யாரும் கேட்டதில்லை; பேர் அப்படி வந்ததுதான்.

"நாலும் எப்படி மிஸ் விரியும்?"

"என்னம்மா?"

"ஒரு மூல விரிஞ்சா இன்னொண்ணு சுருங்கணும். நாலும் விரிஞ்சா போர்டு மூடவே மூடாது. நடுவுல ஒரு கோடு போட்டா ரெண்டு முக்கோணம். ஒவ்வொண்ணும் நூத்தி எம்பது. மொத்தம் முந்நூத்தி அறுபதுதான். கயிறு மூலைக்கு அஞ்சு கூட்டி முந்நூத்தி எம்பதுங்குது." கொஞ்சம் யோசித்தாள். "போர்டு தப்பில்ல மிஸ். கயிறு தப்பு."

சித்தப்பா, நான் நிஜமாகவே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். ஆற்றங்கரையில் கயிறு பிடித்தவர்கள் கதையைச் சொன்னேனே, அதன் அடுத்த பாதி இது. கடலுக்கு அந்தப் பக்கம் சிலர் கயிற்றைக் கீழே போட்டுவிட்டு, "அளந்தது போதும், ஏன் என்று சொல்" என்று கேட்டார்கள். அதை எப்படிப் பாடமாக நடத்துவது என்று மூன்று வாரமாகத் திட்டம் போட்டுக்கொண்டிருந்தேன். அவள் இருந்த இடத்திலிருந்து எழுந்திருக்காமலே நடத்தி முடித்துவிட்டாள். அளக்கவில்லை. தொடக்கூட இல்லை. யோசித்தாள்.

எனக்குச் சந்தோஷத்தில் கத்த வேண்டும் போல இருந்தது. கத்தினேன் என்றும் சொல்கிறார்கள்.

பிறகு கொக்கையும் கடுகையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திக் கையை நீட்டச் சொன்னேன். கொக்கின் முழம் கடுகின் முழத்தைவிட ஒரு விரற்கடை கூடுதல். எறும்பும் தன் கையால் எண்சாண் என்பார்களே, என் கயிற்றில் இரண்டு எறும்புகள். முதல் ஏழு முழம் பெரிய எறும்பு, கடைசி ஐந்து சின்ன எறும்பு. நீளமாக இருக்க வேண்டிய பக்கம் குட்டையாகிவிட்டது, ஆகவே என் செங்கோணம் சுருங்கிவிட்டது. உங்கள் சுவர் விலகவில்லை, என் கயிறுதான் உள்ளே வந்துவிட்டது.

இன்று காலை தலைமையாசிரியை அறைக்குப் போனேன். ஆணை தட்டச்சாகி மேஜை மேல் இருந்தது, என் பெயரோடு. தலைகீழாக இருந்தாலும் படிக்க முடிந்தது.

"மேடம், கட்டடம் நேரா இருக்கு. கயிறுதான் கோணல். இன்னொண்ணு. அந்தக் கட்டடக்காரர் என் சித்தப்பா."

அவர் பேனாவை மூடினார். "ஓ."

"ஆமா மேடம்."

"சித்தப்பாங்கிறதால இப்ப நேராயிடுச்சா?"

நான் எதைச் சொன்னாலும் அது அண்ணன் மகள் சொல்வதாகத்தானே இருக்கும்? அப்போது எனக்குப் பின்னால் நின்ற மியூட் (நான் கூப்பிடவில்லை, தானாக வந்தாள்) மேஜையில் கிடந்த தாளை எடுத்து, அது என் ஆணை என்று கவனிக்காமல், திருப்பிப் போட்டு, பின்பக்கத்தில் ஒரு நாற்கரம் வரைந்து, குறுக்கே ஒரு கோடு போட்டு, இரண்டு முறை நூற்றெண்பது என்று எழுதி, கூட்டி, தலைமையாசிரியை பக்கம் நகர்த்தினாள்.

"இதுல யாரோட சித்தப்பாவும் இல்ல மேடம்."

தலைமையாசிரியை வரலாறு படித்தவர். அந்தத் தாளைத் திருப்பி முன்பக்கத்தைப் பார்த்தார். பிறகு, "வேற தாள் இல்லியா உனக்கு?" என்றார். அவளை அனுப்பிவிட்டு என்னிடம் சொன்னார்: "கட்டடக்காரருக்கு நானே போன் பண்ணி வர வேணாம்னு சொல்லிடறேன். உங்க விஷயம்... மறுபடி டைப் அடிக்கணும். பாக்கலாம்."

பார்க்கலாம் என்றால் என்ன என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் உங்கள் பெயர் சுத்தமாகிவிட்டது, சித்தப்பா. அது போதும் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். இப்போது எழுதும்போது உண்மையாகவே போதும் என்றுதான் தோன்றுகிறது. ஏன் அன்றைக்கே சொல்லவில்லை என்று நீங்கள் கேட்பீர்கள். வேலை வேண்டும் என்று பயந்தேன். வேறு காரணம் தேடிப் பார்த்தேன், அகப்படவில்லை. நூல் பிடித்தாற்போல் கட்டியவர் நீங்கள். ஒரு கொடிக்கயிற்றை நம்பி உங்கள் நூலைச் சந்தேகப்பட்டேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

சித்திக்கு என் அன்பு. குளித்து முடித்ததும் போனை எடுங்கள். உங்கள் கை நீளமும் ரசமட்டமும் எல்லா நாளும் குறையாமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் அண்ணன் மகள்

பி.கு.: உறையை ஒட்டிவிட்டேன், ஆகவே இதை உறையின் பின்புறத்தில் எழுதுகிறேன், தபால்காரரும் மன்னிக்கட்டும். மாலை மணி அடித்தபின் மியூட்டும் கடுகும் இரும்பு ஸ்கேலால் முழம் முழமாக அளந்து புதுக் கயிறு செய்தார்கள். நூலகம் நேர். திடல் நேர். மேஜை நேர், குழம்புக்கு வேறு காரணம் தேட வேண்டும். ஆய்வகத்தில் கிழக்கு மூலைகள் இரண்டும் அச்சு அசல் செங்கோணம். மேற்குச் சுவரின் ஒரு முனையில் இரண்டு விரல் விரிவு. மறுமுனையில் இரண்டு விரல் சுருக்கம். மூன்று முறை பார்த்தோம். மியூட் நான்கையும் கூட்டினாள். முந்நூற்று அறுபது சரியாக வருகிறது. இந்த முறை கயிறு தப்பில்லை, சுவர்தான்; அதுதான் பயமாக இருக்கிறது. தலைமையாசிரியை அறையில் இன்னும் விளக்கு எரிந்தது. இதையாவது அன்றைக்கே சொல்லிவிட, கயிற்றைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு போய், கதவைத் தட்டினேன்.